இல்லாத குழுச்சொல்லை உருவாக்கிப் பொருள் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிறுகதைக்கோ, மேடை நாடகத்துக்கோ, கல்லூரி மலரின் நகைச்சுவைப் பக்கத்துக்கோ, ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் சொற்களை இட்டுக்கட்டி, அவற்றுக்கு அகராதி பாணியில் பொருளும் எழுத வேண்டிய தேவை வரும். விளையாட்டு வேலை என்று நினைத்துத்தான் எல்லோரும் உட்காருகிறார்கள். பத்துச் சொல்லுக்குள் சலித்துவிடுகிறது; படிப்பவருக்கு ஐந்திலேயே சலித்துவிடுகிறது.

பெரும்பாலும் கோளாறு வேலையின் வரிசையில் இருக்கிறது. விநோதமான ஒலியுள்ள ஒரு சொல்லை முதலில் கண்டுபிடித்துவிட்டு, அதற்கு ஒரு பொருளைத் தேடி அலைகிறார்கள். பொருள் முதலில் வர வேண்டும். அதற்கும் முன்னால் அந்தச் சொல்லைப் பேசும் ஆட்கள் வர வேண்டும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒன்றைத் தாண்டினால் எங்கே இடிக்கும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே குழுவை வைத்துக்கொள்கிறேன்: கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறும் ஆட்கள். அவர்கள் பேசுவதாகக் கீழே வரும் குறிப்புச் சொற்கள் இந்தக் கட்டுரைக்காக இட்டுக்கட்டியவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நல்ல அகராதி ஒன்றாவது வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்தில் தேடும் வசதியுடன் கிடைக்கிறது. பழைய பொருள்களைப் பார்க்க அது போதும். இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. உங்கள் கதை கரிசல் மண்ணில் நடக்கிறது என்றால் கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியையும் புரட்டிவிடுங்கள். நீங்கள் புதிதாகப் படைத்ததாக நினைக்கும் சொல் ஏற்கெனவே வேறு பொருளில் உயிரோடு இருந்தால், படிப்பவர் அந்தப் பொருளில்தான் படிப்பார்.

அந்தத் தொழிலைச் செய்தவர் ஒருவர் வேண்டும். அவரிடம் சொற்களைக் கேட்க வேண்டாம். வேலை எப்படி நடக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று கேளுங்கள். அண்டாவிலிருந்து வாளிக்கு மாற்றுவது யார், வரிசையில் முதலில் போவது உப்பா, இனிப்பா, கடைசிப் பந்திக்கு முன் சமையல் கட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்பவைதான் தேவை.

தொழிலைப் பற்றி எதுவுமே தெரியாத இரண்டு பேரும் வேண்டும். கடைசியில் சோதனை செய்ய அவர்கள்தான். அதுவரை அவர்களிடம் வாயைத் திறக்காதீர்கள். ஒருமுறை விளக்கிவிட்டால் அந்தக் காதுகள் சோதனைக்கு உதவாது.

2. யாரிடமிருந்து மறைக்கிறார்கள் என்று முடிவு செய்யுங்கள்

"கல்லூரி மாணவர்கள்" என்பது குழு ஆகாது. மிகப் பெரியது. விடுதியின் இரண்டாம் மாடியில் இருப்பவர்கள், வார்டனிடமிருந்து மறைப்பதற்காகப் பேசுவது என்றால் குழு. குழுச்சொல் பிறக்க இரண்டு காரணங்கள் உண்டு: அடிக்கடி சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்வது; பக்கத்தில் நிற்பவருக்குப் புரியாமல் சொல்வது. இரண்டாவது இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

நன்னூல் இதைக் குழூஉக்குறி என்று தனி வழக்காகவே வைத்திருக்கிறது. உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டுகள் இன்றும் பாடம் சொல்பவை. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றார்கள். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றார்கள். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்றார்கள். வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பொன்னைப் பற்றிப் பேச வேண்டிய பொற்கொல்லருக்கு வேறு பெயர் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

பந்தி ஆட்களுக்கும் அதே நிலைமைதான். விருந்தினர்கள் காதுக்கு எட்டும் தூரத்தில், விருந்தினர்களைப் பற்றியும் தீர்ந்துகொண்டிருக்கும் பண்டங்களைப் பற்றியும் பேச வேண்டும். "பாயசம் தீரப்போகிறது" என்று சத்தமாகச் சொன்னால் அடுத்த நிமிடமே எல்லா இலையிலிருந்தும் பாயசத்துக்குக் கை நீளும்.

3. பெயர் இல்லாத இடங்களைப் பட்டியலிடுங்கள்

இன்னும் சொல்லுக்கு வரவில்லை. அந்த வேலையில் அடிக்கடி நிகழ்கிற, ஆனால் ஒற்றைச் சொல் இல்லாத நிகழ்வுகளை வாக்கியமாக எழுதுங்கள்.

சாப்பிடுபவரின் முதுகுக்குப் பின்னால் இடத்துக்காக நிற்பவர். இன்னும் வராத சித்தப்பாவுக்காக நாற்காலியில் வைக்கப்பட்ட கைப்பை. முதல் பந்தியிலும் சாப்பிட்டு மூன்றாம் பந்தியிலும் உட்காருபவர். மோர் வருவதற்கு முன்பே இலையை மடித்து, பக்கத்து ஆட்களையும் எழவைப்பவர். வாய் நிறையச் சோற்றுடன் விரலாலேயே கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாவற்றையும் வரவழைப்பவர். கடைசிப் பந்திக்கு முன் சாம்பாரில் சேரும் வெந்நீர்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, எல்லோருக்கும் பெயர் தெரிந்த பொருள்களுக்கு மறுபெயர் வைப்பது. சோற்றுக்கு ஒரு பெயர், கரண்டிக்கு ஒரு பெயர், இலைக்கு ஒரு பெயர். சோற்றைச் சோறு என்று சொல்வதில் பரிமாறுபவருக்கு என்ன கஷ்டம்? மறைக்கக் காரணமும் இல்லை, சுருக்கத் தேவையும் இல்லை. அப்படிப்பட்ட பட்டியலைப் படிப்பவர் மனப்பாடம்தான் செய்ய முடியும்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரில் ஒரு கேள்வி: ஒரு முகூர்த்த நாளில் இதை எத்தனை முறை சொல்ல நேரும்? ஒருமுறைதான் என்றால் அடித்துவிடுங்கள். அபூர்வமாக நடப்பதை மனிதர்கள் நீட்டி முழக்கி விவரிக்கத்தான் விரும்புவார்கள். அதற்குச் சொல் பிறக்காது.

4. சொல்லை அந்த ஆட்களின் உலகத்திலிருந்து எடுங்கள்

இரண்டு பந்தியில் சாப்பிடுபவருக்குப் பெயர் கேட்டால், எழுதும் பழக்கம் உள்ளவர்கள் உடனே "மறுபதிப்பு" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பதிப்பகத்தில் வேலை செய்பவரின் நகைச்சுவை; சாம்பார் வாளியுடன் ஓடுபவருடையது அல்ல. சொல்லைப் படித்ததும் எழுத்தாளரின் முகம் தெரிந்தால் அந்தச் சொல் தோற்றுவிட்டது.

"இரட்டை இலை" என்பது அடுத்து வரும் யோசனை. குழுவின் உலகத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் தமிழ்நாட்டில் அந்தச் சின்னம் யாருடையது என்று குழந்தைக்கும் தெரியும். படிப்பவரின் மனம் தேர்தலுக்குப் போய்விடும், திரும்பி மண்டபத்துக்கு வராது.

மெஸ்களிலும் பந்திகளிலும் இரண்டாம் முறை போடும் சோற்றுக்கு மறுசோறு என்று சொல்லும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. அதை ஆளுக்கே பெயராக்கினால் போதும். "மறுசோறு வருகிறது" என்று ஒருவர் சொல்ல, விருந்தினர்கள் வாளி வருவதாக நினைத்துக்கொள்ள, பரிமாறுபவர்கள் வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதுதான் வேண்டும்.

5. உருவாக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

வழிகள் பல. ஆனால் அவை சம பலம் உள்ளவை அல்ல.

பழைய சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுவது முதல் வழி. முடிந்தவரை இதையே பயன்படுத்துங்கள். பொற்கொல்லரின் பறியையும் பாகரின் காரையையும் திரும்பப் பாருங்கள். இரண்டும் வேறு பொருளில் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். கேட்பவர் சந்தேகப்படவே வழியில்லை. புதிய ஒலி உள்ள சொல்லைக் கேட்டால் "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்பார், தெரிந்த சொல்லைக் கேட்டால் தனக்குத் தெரிந்ததைப் புரிந்துகொண்டு பேசாமல் இருப்பார். இந்த வழியில் மண்டபத்துக்கு மூன்று சொற்கள்: முதுகுக்குப் பின் நிற்பவர் 'நிழல்', விரலால் கேட்பவர் 'கைகாட்டி', சாம்பாரில் சேரும் வெந்நீர் 'மழை'.

இரண்டு சொற்களைச் சேர்ப்பது அடுத்த வழி. நாற்காலியில் கைப்பை வைத்துப் பிடித்த இடத்துக்குத் 'துண்டுப்பட்டா'. துண்டைப் போட்டு இடம் பிடிப்பது நம் ஊர்ப் பழக்கம். துண்டு நிலத்துக்குப் பட்டா வாங்குவதும் நம் ஊர் விவகாரம். இரண்டும் ஒரே சொல்லில் உட்காருகின்றன. சேர்க்கும்போது இரண்டு பாதிக்கும் வேலை இருக்க வேண்டும். ஒரு பாதியை எடுத்துவிட்டாலும் பொருள் நிற்கிறது என்றால் அந்தப் பாதி வெறும் சுமை.

மூன்றாவது, செய்பவரைக் குறிக்கும் இகர விகுதி. சொல்விளம்பியில் இருப்பது அதுதான்: குடித்தவன் வாயிலிருந்து சொற்களை விளம்பவைப்பதால் கள்ளுக்கு அந்தப் பெயர். பொருளின் நிறத்தையோ சுவையையோ விட்டுவிட்டு அதன் விளைவைப் பிடித்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த அச்சில் நம் இலை மடிப்பவர் 'இலைமடக்கி' ஆகிறார்.

நான்காவது, மரூஉ. தஞ்சாவூர் தஞ்சை ஆனதுபோல் நீண்ட சொல் தேய்வது. சம்பந்தி வீட்டாரில் முதலில் கவனிக்கப்பட வேண்டியவர் 'சம்பி'. தம்பி என்ற சொல்லின் ஓசை ஏற்கெனவே நாவில் இருப்பதால் இது சுலபமாகப் புரளும். முதலெழுத்துகளைச் சேர்த்துச் சுருக்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது எழுத்தில் பிறக்கும் சுருக்கம், வாயில் பிறப்பதல்ல. கையில் வாளி வைத்திருப்பவர் எழுத்துக் கூட்ட மாட்டார்.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது சொற்குடும்பம். பாயசம் எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்ல ஒரு சொல் போதாது; அளவு மாறிக்கொண்டே இருக்கும். மதுரைக் குழு என்று வைத்துக்கொண்டால், சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் ரயிலின் நிறுத்தங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். செங்கல்பட்டு என்றால் இப்போதுதான் எடுக்க ஆரம்பித்திருக்கிறது. விழுப்புரம் என்றால் கால் பங்கு போய்விட்டது. திருச்சி என்றால் பாதிக்கு மேல் போயிற்று. திண்டுக்கல் என்றால் பாத்திரத்தின் அடி தெரிகிறது. "வண்டி எங்கே?" என்று ஒருவர் கேட்க, "திண்டுக்கல் தாண்டிவிட்டது" என்று பதில் வரும். பக்கத்து நாற்காலிக்காரர், யாரோ உறவினர் ரயிலில் வந்துகொண்டிருக்கிறார் என்று எண்ணிக்கொள்வார். குடும்பத்தில் ஒரு சொல் புரிந்துவிட்டால் மற்றவை தாமாகப் புரியும் என்பதால், வாசகருக்கும் இதில் சுமை இல்லை.

6. ஒலியையும் எழுத்தையும் சரிபாருங்கள்

பழைய சொல்லை எடுத்திருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். புதிய ஒலிச்சேர்க்கை என்றால் இங்கே நேரம் செலவிட வேண்டும்.

இலக்கணம் சொல்லும் மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளைப் பாருங்கள். ட, ர, ல போன்றவற்றில் தொடங்கினாலோ, க், ட், ப் போன்ற வல்லின மெய்யில் முடிந்தாலோ சொல் வெளிநாட்டுச் சரக்குபோல் ஒலிக்கும். அந்த வாடை வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம். தெரியாமல் வந்துவிடக் கூடாது.

பெரிய சிக்கல் உச்சரிப்பு. தமிழ் எழுத்தில் வல்லினத்தின் அழுத்தமான ஒலிக்கும் மென்மையான ஒலிக்கும் ஒரே வடிவம். 'பாவம்' என்று எழுதினால் அது நடன மேடையின் பாவமா, செய்த வினையின் பாவமா என்பதை இடம் பார்த்து அறிகிறோம். இரண்டும் ஏற்கெனவே தெரியும் என்பதால் அது முடிகிறது. நீங்கள் படைத்த சொல்லை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை. எனவே எழுத்தைப் பார்த்தவுடன் ஒரே மாதிரி படிக்கக்கூடிய அமைப்பாகத் தேர்ந்தெடுங்கள். நடுவில் இரட்டித்த வல்லினம் வந்தால் அழுத்தமாகவும், மெல்லினத்தை அடுத்து வந்தால் மென்மையாகவும் எல்லோரும் படிப்பார்கள். சொல்லின் முதலில் மெல்லொலி வேண்டும் என்று அடம்பிடித்தால், பாதிப் பேர் வேறு மாதிரிதான் படிப்பார்கள்.

7. சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பாருங்கள்

பெரும்பாலான பட்டியல்கள் விழும் இடம் இதுதான். சொல் தனியாக நிற்கும்போது அழகாக இருக்கும். வாக்கியத்தில் போட்டதும் கால் இடறும்.

முதலில் வேற்றுமை உருபுகள், பன்மை. துண்டுப்பட்டாவை, துண்டுப்பட்டாவுக்கு, துண்டுப்பட்டாக்கள். வாயில் சிக்காமல் வருகிறது, சரி.

அடுத்தது திணை. நிழல் அஃறிணை, நாம் குறிப்பதோ ஒரு மனிதரை. "நிழல் நிற்கிறார்" என்பதா, "நிழல் நிற்கிறது" என்பதா? நிற்கிறார் என்றால் குட்டு உடனே வெளிப்பட்டுவிடும். நிழலுக்கு எங்கிருந்து வந்தது மரியாதை என்று கேட்பவர் திரும்பிப் பார்ப்பார். நிற்கிறது என்றால் மறைவு நீடிக்கும், கூடவே பரிமாறுபவரின் மெல்லிய எரிச்சலும் வெளிப்படும். மறுசோறுக்கும் அப்படியே: வருகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆனால் சம்பிக்கு அது செல்லாது. குழுவுக்குச் சம்பி மீது இருப்பது பயம்; சம்பி "வருகிறார்". எந்தச் சொல்லுக்கு எந்த முடிவு என்பதைத் தீர்மானித்துவிட்டால், அந்தக் குழு யாரை எப்படிப் பார்க்கிறது என்பது விளக்கமே இல்லாமல் தெரிந்துவிடும்.

பிறகு வினை. பெயர்ச்சொல்லை வினையாக்கத் தமிழில் துணைக்கு வரும் சொற்கள் பல: போடு, விடு, பிடி, அடி. இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. கதை விடுதல் என்பதில் பொய்யின் வாடை. காக்கா பிடித்தல் என்பதில் காரியவாதம். டேரா போடுதல் என்பதில் நகராத பிடிவாதம். உங்கள் சொல்லுடன் எது சேருகிறது என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள்.

'மழை'யை வைத்து இதைச் செய்து பாருங்கள். சாம்பாரில் வெந்நீர் விட்டாயிற்று என்பதற்கு "மழை விட்டாயிற்று" என்று எழுதத் தோன்றும். ஆனால் மழை விட்டது என்றால் தமிழில் மழை நின்றுவிட்டது என்று பொருள். சமையல் கட்டில் ஒருவர் வெந்நீர் ஊற்றிவிட்டதாகச் சொல்ல, இன்னொருவர் ஊற்றுவதை நிறுத்திவிட்டதாகப் புரிந்துகொள்வார். "மழை போடு" தட்டையாக இருக்கிறது. "மழை இறக்கு" நிற்கிறது: மேகம் இறங்கும் படிமமும் இருக்கிறது, வெந்நீர்த் தவலையை அடுப்பிலிருந்து இறக்கும் வேலையும் இருக்கிறது. இந்த ஒரு வினைக்காக அரைமணி நேரம் போனாலும் பரவாயில்லை.

8. இப்போது பொருள் எழுதுங்கள்

பலரும் ஆவலோடு முதலிலேயே உட்காரும் படி இது. ஏழு படி தாண்டி வந்தால் பாதி தானாக எழுதப்பட்டிருக்கும்.

விதி ஒன்றுதான்: பொருள் எழுதுபவர் சிரிக்கக் கூடாது. அகராதிக்காரர் கடமைக்கு எழுதியதுபோல் வறண்டு இருக்க வேண்டும். சிரிப்பு துல்லியத்திலிருந்து வரட்டும். 'நிழல்' என்பதற்குப் புதியவர்கள் எழுதும் வடிவம் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

நிழல்: சாப்பிடுபவரின் பின்னால் பேய் மாதிரி நின்றுகொண்டு உயிரை வாங்கும் ஆசாமி!

வியப்புக்குறி, பேய், உயிர், ஆசாமி என நான்கு இடத்தில் எழுத்தாளர் விலாவில் குத்துகிறார். இதைத் திருத்தச் சொன்னால் மறுகோடிக்குப் போய்விடுவார்கள்:

நிழல்: பின்னால் நிற்பது.

இது எந்த வரிசைக்கும் பொருந்தும், பந்தியே காணோம். பெயர்ச்சொல்லுக்குச் செயலைப் பொருளாகத் தந்திருப்பது வேறு. இன்னொரு முறை:

நிழல்: (பெ.) இடம் காலியாவதற்காக, சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நிற்கும் விருந்தினர். பாயசம் பரிமாறப்பட்ட பின்பே இப்பெயர் பொருந்தும்.

கடைசி வரிதான் உயிர். பாயசத்துக்கு முன்னால் நிற்பவர் வெறும் விருந்தினர். பின்னால் நிற்பவர் நிழல். இப்படி எல்லை வகுக்கும்போதுதான் இதைத் தினமும் பயன்படுத்தும் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை பிறக்கும். எல்லை இல்லாத பொருள், பொருளே இல்லாததற்குச் சமம்.

எழுதியதும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு வாக்கியத்தில் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருளை வைத்தால் வாக்கியம் ஓட வேண்டும். பெயருக்குப் பெயர், வினைக்கு வினை. "நிழலாக நிற்பவர்" என்பதுபோல் சொல்லே பொருளுக்குள் வந்துவிட்டால் வட்டமடிக்கிறது, அழித்துவிடுங்கள். சொல் எப்படிப் பிறந்தது என்ற கதையையும் பொருளில் நுழைக்காதீர்கள். துண்டுப்பட்டாவில் துண்டு ஏன், பட்டா ஏன் என்று வாசகர் தானே கண்டுபிடிக்கும் இன்பத்தைப் பறிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

துண்டுப்பட்டா: (பெ.) இன்னும் மண்டபத்துக்கு வராத உறவினருக்காகக் கைப்பை, கைக்குட்டை முதலியவற்றை வைத்துப் பிடிக்கப்பட்ட பந்தி நாற்காலி.

மழை: (பெ.) 1. கடைசிப் பந்திக்கு முன் சாம்பாரிலோ ரசத்திலோ சேர்க்கப்படும் வெந்நீர். 2. அழைப்பிதழ் கணக்கை மீறிய கூட்டம்.

இரண்டாம் பொருள் எப்படி வந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் மிகுந்தால் வெந்நீர் சேரும். பட்டியலில் ஓரிரு சொற்களுக்கு மட்டும் இப்படி இரண்டாம் பொருள் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் செயற்கை தெரிந்துவிடும்.

9. எடுத்துக்காட்டு வாக்கியம்

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம். வேலை நடுவில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதாக இருக்கட்டும். "மூன்றாம் மேசையில் நான்கு நிழல் விழுந்துவிட்டது, மோரை அனுப்பு."

இதில் இரண்டாம் பாதிதான் பொருளைக் காட்டுகிறது. மோர் வந்தால் சாப்பிடுபவர்கள் எழுவார்கள், நிழல்களுக்கு இடம் கிடைக்கும். வாக்கியத்துக்குள் ஒரு புதியவரைக் கொண்டுவந்து "அப்படியென்றால் என்ன அண்ணே?" என்று கேட்கவைக்கும் பழக்கம் வேண்டாம்.

10. உலகத்தையே ஏமாற்றிய ஒரு பட்டியல்

உங்கள் பட்டியலைத் தொகுக்கும் முன் இந்த நிகழ்ச்சியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது. 1992 நவம்பர் 15 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், சியாட்டில் நகரின் கிரஞ்ச் இசை ரசிகர்கள் பேசும் சொற்கள் என்று ஒரு சிறு அகராதியை வெளியிட்டது. செய்தியாளர் தொலைபேசியில் கேட்டபோது, இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை செய்த மேகன் ஜாஸ்பர் என்ற இளம்பெண் வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லியிருந்தார். பழைய கிழிந்த ஜீன்ஸுக்கு 'வாக் ஸ்லாக்ஸ்', நாகரிகம் தெரியாதவருக்கு 'லேம்ஸ்டெய்ன்', சும்மா பொழுதுபோக்குவதற்கு 'ஸ்விங்கின் ஆன் த ஃபிளிப்பிட்டி ஃபிளாப்'. அவ்வளவும் அந்த நேரத்தில் இட்டுக்கட்டியவை என்பது சில மாதங்களுக்குப் பிறகுதான் வெளியே வந்தது.

ஏன் நம்பினார்கள்? அந்தப் பட்டியலில் தடித்த காலணிக்கு 'கிக்கர்ஸ்' என்பதுபோல் சாதுவான சொற்களும் இருந்தன. எல்லாமே விநோதமாக இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். பொருள்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று சொல்லில் முடிந்தன. உடை, காலணி, ஆட்களின் தரம், வெள்ளிக்கிழமை இரவு என்று அந்த வயதினர் உண்மையாகவே அடிக்கடி பேசும் இடங்களைத்தான் சொற்கள் தொட்டன. மூன்றாம் படியில் சொன்ன சோதனையில் அவை தேறுகின்றன.

உங்கள் பட்டியலும் இப்படி ஏறி இறங்கியே இருக்க வேண்டும். பந்தி ஆட்களிடம் விருந்தினர் வகைகளுக்கு ஏழெட்டுச் சொல் இருக்கலாம், மணமக்களுக்கு ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அவர்களுடைய வேலையில் மணமக்கள் குறுக்கே வருவதே இல்லை.

11. இரண்டு பேரிடம் சோதியுங்கள்

ஒதுக்கி வைத்த அந்த இரண்டு பேரை இப்போது அழையுங்கள். பொருளைக் காட்டாமல் எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் படியுங்கள். எழுத்தில் காட்டாமல் வாயால் படியுங்கள். இவை காதுக்கான சொற்கள்.

கேட்டவுடனே சரியாகச் சொல்லிவிட்டால் அந்தச் சொல்லால் எதையும் மறைக்க முடியாது. குழுவே அதைக் கைவிட்டிருக்கும். மூன்று வாக்கியத்துக்குப் பிறகும் தெரியவில்லை என்றால், பொருளுக்கும் சொல்லுக்கும் கயிறு இல்லை. முதல் வாக்கியத்தில் தவறாக ஊகித்து, இரண்டாவதில் "ஓ, அதுவா!" என்று சிரிப்பதுதான் சரியான அடையாளம்.

இரண்டு நாள் கழித்து மீண்டும் கேளுங்கள். எந்தச் சொற்கள் நினைவில் நிற்கின்றன? நிற்காதவற்றைத் தயங்காமல் நீக்குங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த சொல்தான் பெரும்பாலும் முதலில் மறந்துபோயிருக்கும், என்ன செய்வது.

12. யார் மேல் படுகிறது என்று பாருங்கள்

குழுச்சொற்கள் பெரும்பாலும் வெளியாளைக் கிண்டல் செய்பவை. கிண்டல் செயலின் மேல் விழுகிறதா, பிறப்பின் மேல் விழுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இலைமடக்கி, கைகாட்டி, மறுசோறு எல்லாமே ஒருவர் அந்த மாலையில் செய்யும் காரியத்தைப் பற்றியவை. அடுத்த கல்யாணத்தில் அவர் அப்படிச் செய்யாமல் இருக்கலாம். சாதி, நிறம், உடல் குறை, பருமன் ஆகியவற்றைத் தொடும் சொல் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கள். நிஜக் குழுக்கள் அப்படிப் பேசுவதுண்டு என்று வாதிடுவார்கள், உண்மைதான். ஆனால் இதை இட்டுக்கட்டியவர் நீங்கள், பழி குழுவின் மேல் விழாது.

வேறு வட்டாரத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டா என்பதையும் விசாரியுங்கள். இலங்கையில் கதைத்தல் என்றால் வெறும் பேச்சு. தமிழ்நாட்டில் கதை என்ற சொல் பேச்சில் நுழைந்தாலே பொய்யின் வாடை வந்துவிடுகிறது. இந்த வேறுபாடு அப்பாவித்தனமானது. எல்லா வேறுபாடுகளும் அப்படி இருக்காது. திருநெல்வேலியில் ஒருவர், கோவையில் ஒருவர், முடிந்தால் யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் பட்டியலை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

13. அடுக்கி, முத்திரை குத்துங்கள்

அகர வரிசையில் அடுக்குங்கள். வேடிக்கையானதை முதலில் வைக்க வேண்டும் என்ற ஆசை வரும். அகராதி என்றால் அகராதிபோல் இருக்கட்டும். பன்னிரண்டிலிருந்து இருபது சொற்கள் போதும்.

கடைசியாக, இவை கற்பனை என்ற குறிப்பு. இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். அகராதி வடிவத்துக்கு ஒரு அதிகாரம் இருக்கிறது. அச்சில் வந்துவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. 1934-இல் வெளியான வெப்ஸ்டர் பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'டோர்ட்' என்ற சொல், அடர்த்தி என்ற பொருளுடன் இடம்பெற்றது. பெரிய டி அல்லது சிறிய டி (D or d) அடர்த்தியின் சுருக்கக்குறி என்று எழுதியிருந்த சீட்டை, யாரோ ஒரே சொல்லாகப் படித்ததால் வந்த வினை. 1939-இல்தான் ஆசிரியர் குழுவின் கண்ணில் பட்டது. தொழில் தெரிந்தவர்கள் உட்கார்ந்து சரிபார்த்த நூலிலேயே அந்தக் கதி என்றால், கைபேசிக்குக் கைபேசி தாவும் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

அதனால் குறிப்பை நூலின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டு ஒப்பேற்றாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும், தலைப்பின் பகுதியாகவே இருக்கட்டும்: "பந்திச் சொற்கள்: ஒரு கற்பனை அகராதி". பக்கத்தை வெட்டிப் பகிர்பவர் தலைப்பை விட்டுவிட மாட்டார். கீழே இருக்கும் குறிப்பைத்தான் முதலில் வெட்டுவார்.